சீனி மில் டீம் சாவியைக் கொடுத்துவிடு

இன்சீன், யாங்கோன்
நவம்பர் 16, 2025, ஞாயிறு

என் அன்பு மகன் ஜெரால்டுக்கு, அம்மா ஆசீர்வாதத்தோட எழுதிக்கிறது. சர்வேசுரன் கிருபையால நானும் உன் தங்கச்சி சாராவும் இங்க உயிரோட இருக்கோம். சுகமா இருக்கோம்னு எழுத கை வரல, அதனால உயிரோடன்னே எழுதிட்டேன். நீயும் அங்க அப்படியே இருக்கணும்னு காலையும் சாயங்காலமும் ஜெபமாலை சொல்றேன். போன் இருக்க எதுக்கு கடுதாசின்னு நீ கேப்பே. போன்ல நான் ஒண்ணு சொன்னா நீ ஒம்பது சொல்லுவே, நடுவுல லைன் கட்டாகும், கடைசியா நான் அழுததுதான் மிச்சம். கடுதாசில நீ குறுக்க பேச முடியாது பாரு. சாரா ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து அனுப்புவா. அவளுக்குத்தான் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாதே, அதனால மனசுல உள்ளதை ஒளிக்காம எழுதலாம். உன்னைக் கோயில் வகுப்புல உக்கார வெச்சு காதைத் திருகித் தமிழ் சொல்லிக் கொடுத்தது இன்னிக்குத்தான் உதவுது. முதல்லயே சொல்லிடறேன், அப்பாவோட நாப்பதாம் நாள் பூசைக்கு நீ வரக்கூடாது. அந்தச் சீனி மில் டீம் மைதானச் சாவியை யார்கிட்டயாவது கொடுத்துட்டு, குண்டு விழற அந்த ஊரை விட்டு போலந்துல உன் பொண்டாட்டி புள்ளைகிட்ட போய்ச் சேரணும். இதுக்குத்தான் இந்தக் கடுதாசி, மத்ததெல்லாம் ஏன்னு சொல்றது.

அப்பா போனதை அன்னிக்கு போன்ல ஒழுங்கா சொல்ல முடியல. அக்டோபர் இருபது, திங்கக்கிழமை, காலை ஒம்பது மணி இருக்கும். ரெண்டு நாளா கரண்ட் இல்ல, டாங்கியில சொட்டுத் தண்ணி இல்ல. திடீர்னு மீ லா பீ, மீ லா பீன்னு தெருவே கத்துச்சு, உனக்குத்தான் தெரியுமே, கரண்ட் வந்துட்டா நம்ம தெருவுல பச்சப் புள்ளையிலிருந்து கிழடு வரைக்கும் கத்தும். கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு எவனுக்குத் தெரியும், உடனே கீழ இறங்கி மோட்டார் போட்டாத்தான் தண்ணி. நான் போறேன்னுதான் சொன்னேன். உனக்கு எந்த சுவிட்சுன்னு தெரியாதுன்னுட்டு நாலு மாடி இறங்கிப் போனார். மோட்டார் சத்தம் கேட்டுச்சு, தண்ணி ஏறுச்சு, அவர் ஏறி வரல. ரெண்டாம் மாடி திருப்பத்துல சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தார். ஓடினதுல நான் விழுந்து மூக்குக் கண்ணாடி ரெண்டு துண்டாப் போச்சு. அவர் கை சட்டைப் பையில இருந்துச்சு, எடுத்துப் பார்த்தா ஒரு சாவி. அந்தச் சாவியைப் பத்தி பின்னால சொல்றேன். டாக்டர் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுருச்சு. எழுபத்தோரு வயசு, பேருக்குக் கூட ஒரு நோய் இல்லாத மனுஷன்.

அப்பாவை ஹால்ல கிடத்தியிருந்தப்ப நடந்ததை உன்கிட்ட சொல்லணும். ஜெபமாலை முடிஞ்சு எல்லாரும் சும்மா உக்காந்திருந்தாங்க. அய்யூப் பாய் எழுந்து நின்னார். அப்பா கோல் போஸ்ட்ல நின்ன காலத்துல அவர்தானே ரயில்வே ஒர்க்‌ஷாப் டீமுக்கு இடது பக்கம் ஓடினவர். செத்தவரைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுவார்னு பார்த்தா, மனுஷன் உன் சீனி மில் டீம் கதையை ஆரம்பிச்சுட்டார். ஞாயித்துக்கிழமை நீ போன்ல சொல்றதை உங்க அப்பா திங்கக்கிழமை டீக்கடையில போய் அப்படியே ஒப்பிப்பாராம், பன்னெண்டு வருஷமா. எங்கேயோ பனி கொட்டுற ஊர்ல எழுபது வருஷத்துக்கு முந்தி ஒரு சீனி மில் கட்டினாங்களாம். கரும்பு இல்லையாம், மண்ணுக்குள்ள விளையுற கிழங்குல சீனி எடுப்பாங்களாம். பாய்லர் சாம்பலைக் கொட்டி மேடு பள்ளம் நிரப்பி மில் ஆளுங்களே மைதானம் போட்டாங்களாம். நம்ம ஒர்க்‌ஷாப் மைதானமும் கரிச்சாம்பல்தானே, விழுந்தா முட்டி கருப்பாகும், அதனாலதான் பாக்கியசாமிக்கு அந்த டீம் மேல அவ்வளவு பாசம்னு உங்க அப்பாவைச் சொன்னார். சிவப்பு ஜெர்சிக்கு அந்தக் கிழங்குச் சாறுலதான் சாயம்னும் சொன்னார். அது வெள்ளைக் கிழங்கு, சாயம் ஏறாதுன்னு நீ எத்தனை தடவை சொல்லியிருப்பே, உங்க அப்பா டீக்கடையில மட்டும் மாத்திக்கவே இல்ல போல. எழுபத்தி நாலுல மாவட்டக் கப்பு ஜெயிச்சது, அப்புறம் ஆட்சி மாறிக் காசுக்கு மதிப்பு போய் சம்பளத்துக்குப் பதிலா சீனி மூட்டை கொடுத்தது, பிளேயருக்கும் மூட்டை ரெஃப்ரிக்கும் மூட்டை, எல்லாம் சொன்னார். பர்மாக்காரப் பொம்பளைங்களுக்கு சாரா பர்மாப் பேச்சுல சொல்லிக்கிட்டே வந்தா. ரெஃப்ரிக்கு மூட்டைன்னதும் சாவு வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், அப்புறம் வாயைப் பொத்திக்கிட்டேன்.

ரெண்டாயிரத்து மூணுல மில்லை மூடி இரும்பு விலைக்கு வித்துட்டாங்க, டீமும் கலைஞ்சு மைதானத்துல இடுப்பு உயரப் புல்லு. நாலு வருஷம் கழிச்சு அந்த ஊர் பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டரா இருந்த ஒஸ்தாப், மில் தொழிலாளி மகன், அவராவே பெரிய புல்லரிவாளை எடுத்துக்கிட்டுப் போய் ஒரு வாரம் தனியா வெட்டினாராம். எட்டாம் நாள் ரெண்டு பேர் வந்தாங்களாம், பத்தாம் நாள் இருபது பேர். இந்த இடத்துல அய்யூப் பாய் அப்பா பக்கம் திரும்பினார். நம்ம டீம் கலைஞ்சப்ப நானும் பாக்கியசாமியும் கையைப் பிசைஞ்சுக்கிட்டுத்தான் நின்னோம், அங்க ஒரு மனுஷன் அரிவாளை எடுத்தான், இங்க எங்களுக்கு அது தோணலன்னுட்டு சவப்பெட்டி பக்கத்துல உக்காந்து அழுதுட்டார். இத்தனை வருஷமா அப்பா ஏன் அந்த டீம் டீம்னு உயிரை விட்டார்னு அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. அதுவரைக்கும் நீ டாக்டர் படிப்பை மூணாம் வருஷம் விட்டுட்டு அடிபட்ட பிளேயர் எவன் காலையோ பிடிச்சு விடப் போனதுக்கு அவர் துணை போறார்னுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

அப்பாவோட காலண்டரை இன்னும் சுவத்துல இருந்து எடுக்கல. கோயில் காலண்டர் வருஷா வருஷம் வரும், ஒவ்வொரு மேட்ச் தேதிக் கட்டத்துலயும் சீனி மில் எத்தனை, எதிராளி எத்தனைன்னு பென்சில்ல எழுதுவார், வருஷம் முடிஞ்சா சுருட்டி அலமாரி மேல வைப்பார். போன வாரம் எல்லாத்தையும் இறக்கிப் பார்த்தேன். பதினாறாம் வருஷத்துல ஒரு கட்டத்தைச் சுத்தி சிவப்பு மையில நட்சத்திரம், என்னடான்னு பார்த்தா ஒண்ணுக்கு நாலுன்னு தோத்த மேட்ச். கோல் கீப்பர் கை உடைஞ்சு நீ உள்ள இறங்கி ஒரு பெனால்டியைத் தடுத்தியே, அது. நாலு விட்டது அவருக்குக் கணக்கே இல்ல. பத்தொம்பதுல மேல் டிவிஷனுக்குப் போனப்ப நம்ம மாடிப்படி வீடு எல்லாத்துக்கும் காலைச் சாப்பாட்டுக்கு மொஹிங்கா வாங்கிக் கொடுத்தார், என்ன விசேஷம்னு கேட்டவங்களுக்கு என் மகன் டீமு ஜெயிச்சுருச்சுன்னார். அப்புறம் இருபத்திரெண்டாம் வருஷக் காலண்டர். ஏப்ரல்ல முதல் மேட்ச், ஜனவரியிலயே வட்டம் போட்டு வெச்சிருக்கார். அந்த வட்டத்துக்குள்ள ஒண்ணும் இல்ல, பிப்ரவரியிலயே அங்க போர் வந்துருச்சு. அதுக்கு அப்புறம் நாலு வருஷமா எந்தக் கட்டத்துலயும் மேட்ச் இல்ல, எட்டு இடத்துல மட்டும் பேர் இருக்கு. ஏழு பேர் பக்கத்துல சிலுவை. ஒண்ணு இந்த மாசம் நான் எழுதினது, சிலுவை போட எனக்குக் கை வரல. நீ ஒவ்வொருத்தனையும் சொல்லச் சொல்ல அவர் எழுந்து போய் எழுதிட்டு வந்து உக்காருவார், அன்னிக்குச் சோறு இறங்காது. கோல் போஸ்ட் வலையைக் கூட ராணுவத்துக்கு மறைப்பு கட்ட எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு நீ சொன்னதும், அய்யூப் பாயைக் கூட்டிக்கிட்டு த்வாண்டே வரைக்கும் போய் மீன் வலை பின்றவங்ககிட்ட ரெண்டு கோல் வலை சொல்லி வாங்கிட்டு வந்தார். எப்படி அனுப்புவீங்கன்னு கேட்டேன். வழி பொறக்கும்னார். கட்டிலுக்கு அடியில கிடக்கு.

இனிமே சொல்லப்போறதைச் சொல்ல எனக்கு வெக்கமாவும் பயமாவும் இருக்கு. சாராவுக்கும் பாதிதான் தெரியும். வருஷா வருஷம் மரித்த ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கோயில்ல உறை கொடுப்பாங்க இல்ல, நம்ம வீட்டுல செத்தவங்க பேரை எழுதிப் போட்டா பூசையில வாசிப்பாங்க. மூணு வருஷமா அப்பா நம்ம தாத்தா பாட்டி பேருக்குக் கீழ சீனி மில் டீம்ல செத்தவங்க பேரையும் எழுதுவார். அவங்க ஊர்ல அவங்களுக்கு வாசிப்பாங்க, இருந்தாலும் நம்ம கோயில்லயும் வாசிக்கட்டும், டீமுன்னா டீமுதான்னுவார். இந்த வருஷம் அக்டோபர் ஆரம்பத்துலயே ரெண்டு தாள் எழுதி மடிச்சு பைபிளுக்குள்ள வெச்சிருந்தார். ஒண்ணு செத்தவங்க. இன்னொண்ணு உயிரோட இருக்கிறவங்க, அவங்க பாதுகாப்புக்குத் தனியா ஒரு பூசை கேக்கறதுக்கு. டீமுல இருந்த பதினெட்டுப் பேர்ல ஏழு போக பதினொண்ணு, இன்னும் ஒரு முழு டீம் இருக்கு ஆன்மேரின்னு என்கிட்ட சந்தோஷமா சொன்னார். அவருக்கு எப்பவும் நீதான் கோல் கீப்பர், அதனால முதல் பேரே ஜெரால்ட் பாக்கியசாமி. ரெண்டு தாளுக்கும் தலைப்பு எழுதல, எது எதுன்னு அவருக்குத் தெரியும், அவர் இருப்பார்னு நெனச்சிருப்பார்.

நவம்பர் ரெண்டு, அவர் போய் பதினாலாம் நாள். என் கண்ணாடி உடைஞ்சு கிடக்கு, புதுசு செய்யக் கொடுத்தது வரல. சாரா பைபிளைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தா. அவளுக்கு எழுத்து தெரியாது, எனக்குக் கண்ணு தெரியாது. அப்பா பேரை எழுதும்மான்னு கீழ வெள்ளையா இருக்கிற இடத்துல விரலை வெச்சுக் காட்டினா, பெஞ்சுல பாட்டுப் புஸ்தகத்தைத் தாங்கிக்கிட்டு அந்த இடத்துல அவர் பேரைக் கிறுக்கி உறையில போட்டேன். நம்ம குடும்பத்து முறை வந்துச்சு. சாமியார் முதல் பேரா உன் பேரை வாசிச்சார். ஜெரால்ட் பாக்கியசாமி, நித்திய இளைப்பாற்றி. தாள் மாறிப் போச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் போக்தான், யூரி, தராஸ்னு அவர் நாக்கு தடுக்கித் தடுக்கி ஒவ்வொருத்தனா வாசிக்கறார், ஒவ்வொருத்தனும் உயிரோட இருக்கிறவன், ஒவ்வொரு பேருக்கும் கோயில் முழுக்க நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும்ங்குது. கடைசியா உங்க அப்பா பேர். நான் எழுந்து நிறுத்துங்கன்னு கத்தியிருக்கணும். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்துச்சு. சாரா, நான் அழுதது அப்பா பேருக்காகன்னு நெனச்சு என் முதுகைத் தடவிக் கொடுத்தா. உன் பேரை அவ கேக்கலையான்னு கேட்டேன். உயிரோட இருக்கிறவங்க பேரையும் வாசிப்பாங்களாக்கும்னு நெனச்சாளாம்.

வீட்டுக்கு வந்து உனக்கு போன் போட்டா லைன் இல்ல. மறுநாள் இல்ல. அதுக்கு மறுநாளும் இல்ல. ஒம்பது நாள்டா ஜெரால்ட். பெத்தவளே பேரைக் கொடுத்து அனுப்பிட்டேனேன்னு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். சாமியார்கிட்ட ஓடினேன். அவர் நல்ல மனுஷன், செத்தவங்களுக்குச் சொன்ன ஜெபம் உயிரோட இருக்கிறவங்களுக்குத் தீங்கு செய்யாதும்மா, தேவனுக்கு விலாசம் தெரியும்னார். எனக்கு ஆறல. மறுநாளிலிருந்து அதே பதினொரு பேரையும் நானே எழுதி, கொட்டை எழுத்துல உயிரோடிருப்பவர்கள்னு தலைப்புப் போட்டு தினம் காலைப் பூசைக்குக் கொடுத்தேன். பட்டினி கிடந்தேன். பதினோராந்தேதி போன்ல பதிஞ்சு உன் குரல் வந்துச்சு, கரண்டும் டவரும் அடிச்சுப் போட்டுட்டாங்க, நான் நல்லா இருக்கேன் அம்மான்னு. அந்தக் குரலை எத்தனை தடவை கேட்டேன்னு சாராவைக் கேளு. ஆனா அதே பேச்சுல நீ சொன்னியே, தராஸ் நாலாந்தேதி போயிட்டான்னு. ரெண்டாந்தேதி கோயில்ல பேர் வாசிச்சவன் நாலாந்தேதி போயிட்டான். ஒரு துண்டுத் தாள் ஆளைக் கொல்லாது, எனக்குத் தெரியாதா, நான் படிக்காதவளா. ஆனாலும் அந்தத் தாளை உறைக்குள்ள திணிச்சது இந்தக் கைதானே. அவன் அம்மா முகம் எனக்குத் தெரியாது, பேர் கூடத் தெரியாது, அந்தப் பொம்பளைகிட்ட மன்னிப்புக் கேக்க எனக்குப் பாஷையும் தெரியாது. நீ அவங்களைப் பார்த்தா ரங்கூன்ல ஒருத்தி உங்க மகனுக்காக தினம் அழறான்னு மட்டும் சொல்லு, தாளைப் பத்திச் சொல்லாதே.

இப்ப நீ நாப்பதாம் நாளுக்கு வரேங்கிறே. போலந்து வரைக்கும் பஸ், அங்கிருந்து பிளேன், ரெண்டு வாரம் இருந்துட்டு திரும்பி மைதானத்துக்குப் போறேன்னு கணக்குப் போட்டுச் சொல்றே. உனக்கு வயசு முப்பத்திமூணு. முப்பத்தஞ்சு வரைக்கும் இங்க பட்டாளத்துக்குப் பிடிப்பாங்கன்னு உனக்கு நான் சொல்லணுமா. எதிர்வீட்டுத் தங்கமணி அக்கா மகன் தேவராஜ், உன் கூட ஒரே தட்டுல சாப்பிட்டவன், மலேசியாவுல நல்ல வேலை. போன ஜூன்ல அவங்க அப்பா கருமாதிக்கு வந்தான். எல்லாரும் வேண்டாம்னாங்க, அப்பனுக்குக் கொள்ளி வைக்கத்தான் முடியல, பதினாறாம் நாளாவது நிக்கணும்னு வந்துட்டான். நல்லபடியா முடிச்சான், மொட்டைத் தலையோட நம்ம வீட்டுக்கு வந்து பாயசம் கொடுத்துட்டுப் போனான். ரெண்டு நாள் கழிச்சு சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் போனவன்தான். வண்டியில ஏத்திக்கிட்டுப் போனதை வெத்தலைக் கடைக்காரம்மா பார்த்தாங்க. பயிற்சிங்கிறாங்க, எந்த ஊர்னு தெரியாது. ஒரு போன், ஆகஸ்ட்ல. அதுக்கப்புறம் இல்ல. இப்ப இருக்கானா இல்லையான்னு அந்த அக்காவுக்குத் தெரியாது, விளக்கு ஏத்தறதா வேண்டாமான்னு கூடத் தெரியாம உக்காந்திருக்காங்க. நம்ம அப்பா சாவுக்கு அந்த அக்கா வந்தாங்க. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, ஆன்மேரி, உன் மகனை வரச் சொல்லாதே, என் மேல ஆணைன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

அதனால வராதே. சரி, அங்கேயே இருக்கேன்னு சொல்லிடாதே, அதுவும் கூடாது. நீ ஏன் அங்க ஒட்டிக்கிட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே. ஒஸ்தாப் போருக்குப் போறப்ப மைதானத்து கேட் சாவியை உன் கையில கொடுத்து, நான் வர்ற வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை புள்ளைங்களுக்கு மைதானத்தைத் திறந்து விடுன்னார். அவர் வரல, போன வருஷம் அப்பா அவர் பேருக்கும் சிலுவை போட்டார். செத்தவருக்குக் கொடுத்த வாக்கை எப்படி மீறுறதுன்னு நீ நிக்கறே. அதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு, நீ வாய் விட்டுச் சொல்லல, ஆனா பெத்தவளுக்குத் தெரியாதா. அந்தப் பதினொரு பேர்ல வெளிநாட்டுக்காரன்னு எல்லையைத் தாண்டிப் போக அனுமதி உள்ளவன் நீ ஒருத்தன்தான், மத்தவங்க நினைச்சாலும் போக முடியாது. போக முடிஞ்சவன் போயிட்டான்னு ஆகிடக்கூடாதுன்னு உக்காந்திருக்கே. அப்பாவும் அதுக்குத் தூபம் போட்டார். கேட்டை விடாதேடா, நீ விட்டா டீமு போச்சுன்னு அவர் உன்கிட்ட போன்ல சொன்னதை நான் அடுப்படியில நின்னு கேட்டேன். அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல. இன்னிக்குச் சொல்றேன், செத்தவர்னு பார்க்காம சொல்றேன், உங்க அப்பா சொன்னது தப்பு. அவர் சட்டைப் பையில இருந்த சாவி எதுன்னு தெரியுமா? ஒர்க்‌ஷாப் டீம் ஜெர்சியும் பந்தும் வெச்சிருந்த ரூம் சாவி. அந்த ரூமை இடிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த இடத்துல இப்ப சுவர் கூட இல்ல. இல்லாத கதவுக்குச் சாவியைச் சாகிற வரைக்கும் பையில வெச்சிருந்த மனுஷன் உனக்குப் புத்தி சொன்னா அது புத்தியா. எனக்கு அவர் மேல கோவம்டா. முப்பத்தஞ்சு வருஷம் கூட வாழ்ந்துட்டு என்னைக் கூப்பிடாம படியில உக்காந்து போயிட்டார், அதுக்கும் கோவம், இதுக்கும் கோவம்.

நீதானே சொன்னே, ஒஸ்தாப் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சரம்மா இருக்காங்க, சனிக்கிழமை அவங்களும் வந்து விசில் ஊதறாங்கன்னு. சாவியை நான் வெச்சுக்கறேன்னு அவங்களே கேட்டாங்க, புள்ளைங்களுக்குக் கணுக்கால் பிசகினா அவங்களுக்குக் கட்டுப் போடத் தெரியாது அதான் கொடுக்கலன்னே. கட்டுப் போட ரெண்டு நாள்ல சொல்லிக் கொடுக்கலாம், நீ எனக்கே போன்ல சொல்லிக் கொடுத்திருக்கே. ஒஸ்தாப் கூட உன்கிட்ட கேட்டைத் திறக்கத்தானே சொன்னார், உன் உசிரைக் கேட்கலியே. மைதானம் அந்த ஊர்க்காரங்களோடது, அவங்க பார்த்துக்குவாங்க, நாலு வருஷம் புல்லு மண்டின மைதானத்தையே மீட்டவங்க. அங்க போலந்துல ஒக்சானா ஒத்தைப் பொம்பளையா வேலைக்கும் போய்க்கிட்டு புள்ளையையும் பார்த்துக்கிட்டு இருக்கா. ஆன்னாக் குட்டிக்கு ஏழு வயசு, போன மாசம் வீடியோவுல என்கிட்ட பல்லைக் காட்டினா, முன் பல்லு ரெண்டும் விழுந்திருக்கு. உனக்கு அது தெரியுமா? அவ அப்பன் நீ, நேர்ல பார்த்தியா? உன் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு, அதுக்குள்ள கிளம்பு. எப்படியும் என்கிட்ட வர்றதுக்குப் போலந்து வழியாத்தானே வரணும்னு சொன்னே. எனக்காகப் பாதி வழி வந்தா போதும். அங்கேயே இறங்கிடு.

நாப்பதாம் நாள் நவம்பர் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, காலை ஆறரைக்குப் பூசை. சாராவும் நானும் அய்யூப் பாயும் இருப்போம், அய்யூப் பாய் வழக்கம் போல வாசல்ல நிப்பார். மகன் வரலியான்னு நாலு பேர் கேப்பாங்க, கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன். இந்தத் தடவை பேர் எழுதின தாளைக் கண்ணாடி போட்டுக்கிட்டு மூணு தடவை படிச்சுட்டுத்தான் கொடுப்பேன், புதுக் கண்ணாடி வந்துருச்சு. அப்பாவோட அந்தப் பழைய சாவியை அவர் கூடப் பெட்டியிலயே வெச்சுட்டேன். அவர் சாவி அவர் கூடப் போகட்டும், உன் சாவி டீச்சரம்மா கையில போகட்டும். நீ அப்பாவுக்குச் செய்ய வேண்டிய கடன் அது ஒண்ணுதான், அதைச் செஞ்சுட்டு பஸ் ஏறினா மொட்டை போட்டுக் கும்பிட்டதுக்கும் மேல. தராஸ் அம்மாவைப் பார்த்துட்டு கிளம்பு. கனமான ஸ்வெட்டரைப் பெட்டிக்குள்ள வைக்காதே, மேலயே போட்டுக்கோ. வழியில எங்க இறங்கினாலும் இருக்கேன்னு ஒரு வார்த்தை அனுப்பு, காலண்டர்ல அந்தக் கட்டத்துல எழுதி வெக்கறேன், நாலு வருஷமா அதுல நல்ல சேதி ஒண்ணும் ஏறல. சர்வேசுரனும் மாதாவும் உன்னையும் ஒக்சானாவையும் ஆன்னாக் குட்டியையும் காத்து வழிநடத்தட்டும். மீதி இருக்கிற பத்துப் பேரையும் காப்பாத்தட்டும்னு எழுதினேன், உன்னையும் சேர்த்துத்தான் பத்து.

உன்னைப் பார்க்கத் தவிச்சுக்கிட்டு, வராதேன்னு எழுதுற
உன் அம்மா
ஆன்மேரி பாக்கியசாமி

பின்குறிப்பு: இத்தனையும் படிச்சுட்டும் நீ கிளம்பி வந்தா கதவைத் திறக்க மாட்டேன்னு சாராகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அவ நம்பிட்டா. நீ அந்த நாலு மாடி ஏறி வந்து ஒரு தட்டு தட்டினா நான் ஓடி வந்து திறந்துடுவேன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனாலதான் ராசா கெஞ்சிக் கேக்கறேன், வராதே.